உச்சியில் ஐந்து முடி

“எனக்கு எப்போ சாமி?”

கேட்டவன் நாவிதன் உத்திராபதி. கேட்கப்பட்டவர் மடத்தின் குரு. அவருடைய தலை அப்போது அவன் கையில் இருந்தது.

“எது?”

“அந்த அஞ்சு முடி.”

கத்தி காதுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை.

மடம் ஆற்றங்கரையில் இருந்தது. தண்ணீரிலிருந்து வாசல் வரை பதினெட்டுப் படிகள். கீழிருந்து பத்தாவது படி வரை நாவிதன் ஏறலாம். பதினொன்றில் கால் வைக்கக் கூடாது.

துறவு கேட்டு வருகிறவன் அந்தப் பத்தாம் படியில்தான் உட்கார வேண்டும். உத்திராபதி அவன் தலையை மழிப்பான். முழுக்க அல்ல. உச்சியில் ஐந்தே ஐந்து முடியை விட்டுவிடுவான். குரு இறங்கி வந்து அந்த ஐந்தையும் கையால் பிடுங்குவார்.

பிடுங்கிய நிமிஷத்தில் அவன் துறவி.

ஆற்றில் முங்கி, நாவிதன் தொட்ட தீட்டைக் கழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விடுவான். திரும்பிப் பார்த்தால் துறவு செல்லாது.

அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பௌர்ணமி காலையில், அதே படிக்கு இறங்கி வருவான். அதே கத்திக்குத் தலை குனிவான். முங்குவான். ஏறுவான். அப்போதும் திரும்ப மாட்டான். பழகிவிட்டது.

உத்திராபதி இப்படிப் பதினோரு பேரை அனுப்பி வைத்திருக்கிறான். அவர்கள் தலையை மழித்தவன் படியிலேயே நின்றான். ஐந்து முடி பிடுங்கியவர் பீடத்தில் இருந்தார்.

கத்தி காதைத் தாண்டியது.

“எதுக்கு உனக்கு அது?” என்றார் குரு.

“மோட்சத்துக்கு.”

“பொய்.”

“ஆமா, பொய்தான்.”

“உண்மையைச் சொல்லு.”

“சொன்னாக் கோவிப்பீங்க.”

“கத்தி உன் கையில இருக்கு. நான் எப்படிக் கோவிக்கிறது?”

உத்திராபதி கத்தியைத் தண்ணீரில் அலசினான். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளை இல்லை. வயது ஐம்பத்தெட்டு. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

“ஒருத்தன் என்னைச் சாமின்னு கூப்பிடணும். ஒரே ஒரு தடவை போதும்.”

“அவ்வளவுதானா?”

“உங்களுக்கு அது அவ்வளவுதான். ஊர்ல ஒருத்தனை ஏசணும்னா ‘போய்ச் சிரை’ங்கறான். நான் சிரைக்கத்தான் போறேன். என்னை எப்படி ஏசுறதுன்னு தெரியாம பேரைச் சொல்லிக் கூப்பிடறான். அதுவே ஏசுற மாதிரிதான் இருக்கு.”

கத்தி மறுபக்கம் போனது.

“பொணத்துக்குக்கூட மோவாய் வழிச்சு விட்டிருக்கேன் சாமி. நான் தொட்டேன்னு அது எழுந்து போய்க் குளிக்கல. நீங்க குளிக்கிறீங்க.”

அதற்கும் குரு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் உத்திராபதிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“தன் தலையைத் தானே மழிச்சுக்கிட்டு வர்றவனுக்குத் தீட்சை கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப யாரையாவது மழிக்கச் சொல்லு. இன்னொருத்தன் கையில உன் தலையைக் குடு. உச்சியில அஞ்சு விட்டுட்டு வா. நான் பிடுங்கறேன்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“சாதி?”

“கேக்க மாட்டேன்.”

“மத்த சாமிங்க தகராறு பண்ணுனா?”

“நான் பாத்துக்கறேன். அடுத்த பௌர்ணமி முறைக்கு வா.”

உத்திராபதிக்குக் கை நடுங்கியது. அந்தத் தலையில் அதுவரை அவன் கை ஒரே ஒருமுறைதான் நடுங்கியிருக்கிறது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இவ்வளவு சுளுவில் படிகிற பேரத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கும். அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

பேருந்து நிலையத்துக்கு எதிரில் மச்சினன் கலியபெருமாளின் கடை. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி.

“வாங்க மாமா. என்ன இது, காடு மாதிரி வளத்து வச்சிருக்கீங்க?”

“மொட்டை அடிக்கணும்டா. உச்சியில அஞ்சு முடி விட்டுட்டு.”

கலியபெருமாள் துணியை உதறிக் கழுத்தில் கட்டினான். தண்ணீர் தெளித்தான். புது பிளேடைப் பிரித்துக் கத்தியில் மாட்டினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

“அஞ்சு முடியா?”

“அஞ்சுதான்.”

“மடத்துக்கா?”

“ஒத்துக்கிட்டாரு.”

கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒண்ணு கேக்கட்டுமா மாமா? சாமியானப்புறம் உங்களுக்கு யாரு சிரைக்கிறது?”

“நீதான். என் கத்தியே உனக்குத்தான் வரும்.”

“எங்க வச்சு?”

“பத்தாம் படியில.”

“சிரைச்சு முடிச்சதும் நீங்க என்ன செய்வீங்க?”

“முங்கிட்டு மேல போவேன்.”

“எதுக்கு முங்குவீங்க?”

உத்திராபதி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தான்.

“எங்கக்கா கையால முப்பது வருஷம் சோறு தின்னீங்க. அவ தம்பி தொட்டா முங்குவீங்க.”

“அது வழக்கம்டா. நானா வச்சேன்?”

“திரும்பிப் பாப்பீங்களா?”

“பாக்கக் கூடாது.”

கலியபெருமாள் முடிச்சை அவிழ்த்தான். துணியை அவன் முகத்துக்கு நேரே உதறினான். அதில் உதற ஒரு முடியும் இல்லை.

“எறங்குங்க மாமா. நாற்காலி வேணும்.”

“கடையில ஒரு ஆளும் இல்லையேடா!”

“வருவாங்க. வந்து, சிரைச்சுக்கிட்டு, ‘வரேன் கலியா’ன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுப் போவாங்க.”

சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த ஏழு கடைக்கும் சேதி போய்விட்டது. எட்டாவதாக ஒரு கடை இல்லை.

தோணிக்காரரிடம் கேட்டான். “என்னையாடா சிரைக்கச் சொல்றே?” என்று அவர் துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தார்.

*

மிச்சமிருந்தது மடம்.

மடத்தில் ஆறு துறவிகள். ஆறு பேருக்கும் முடியைப் பிடுங்கியவர் இப்போதைய குரு. அவர்களில் மூத்தவர் விமலர். பூப்பறிக்கக் கீழே வருவார். உத்திராபதி நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் காத்திருந்தான்.

“சாமி, உங்க தலையை இருபது வருஷமா நான் பாத்துக்கறேன்.”

“ஆமாம்.”

“இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கு. உங்களுக்கே தெரியாது. ஒருதடவைகூட அதுல கத்தி பட்டதில்ல.”

“சரி. என்ன வேணும்?”

“என் தலையை ஒருதடவை நீங்க பாருங்க.”

விமலர் பூக்கூடையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“துறவி கத்தி தொடக் கூடாது.”

“நேத்து மாங்கா நறுக்குனீங்க. நான் பாத்தேன்.”

“அது மாங்காய்.”

“இது தலை.”

“இது உன் தலை.”

சொன்ன பிறகு விமலருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் இறங்கி வந்தார்.

“கோவிச்சுக்காதே உத்திராபதி. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் இல்ல. எல்லாம் ஒரே ஆத்மாதான். மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னுதான்.”

“மத்தவங்கன்னா யாரு?”

“மத்த அஞ்சு பேர்.”

மற்ற ஐந்து பேரிடமும் கேட்டான். ஐந்து பேரும் மற்றவர்களைச் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் உத்திராபதி கத்தியைத் தீட்டுகல்லில் வைத்துத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். நல்லபடியாகக் கேட்டாயிற்று. கெஞ்சிக் கேட்டாயிற்று. இனி இருப்பது ஒன்றுதான். இருபத்தெட்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த ஒரு விஷயம். எதற்காவது ஆகும் என்று வைத்திருந்தான்.

எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

*

பௌர்ணமி காலை.

ஆறு துறவிகளும் மேல்படியில் வரிசையாக நின்றார்கள். முதல் தலை எப்போதும் குருவுடையது. அவர் பாதக்குறட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்தாம் படியில் உட்கார்ந்தார்.

“உன் தலை அப்படியே இருக்கே.”

“அப்படியேதான் இருக்கு.”

“யாரும் கிடைக்கலையா?”

“கிடைக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொன்னீங்க.”

“ஆமாம்.”

உத்திராபதி தண்ணீர் தெளித்தான். தேய்த்து ஊறவைத்தான். வலது பக்கம் முழுவதையும் மழித்தான். இரண்டு மாத முடி, நரையும் கறுப்புமாகப் படியில் விழுந்தது.

கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

இடது பாதி அப்படியே நின்றது.

“பாதியில நிறுத்தினா என்ன அர்த்தம்?” என்றார் குரு.

“பேரம்னு அர்த்தம்.”

மேலே யாரோ சிரித்துவிட்டு, நிறுத்திக்கொண்டார்.

“சொல்லு.”

உத்திராபதி குனிந்தான். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“உங்க தீட்சை அன்னிக்கு, பெரிய குரு காலத்துல, இதே படியில உங்களுக்குச் சிரைச்சேன். உச்சிக்கு வரும்போது கை நடுங்கிடுச்சு. அஞ்சு முடியையும் சேத்து வழிச்சுட்டேன்.”

மேலே நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாங்க. கீழ கிடந்ததுல அஞ்சு முடி பொறுக்குனேன். தலையில பூசக் குழைச்சு வச்சிருந்த சந்தனத்துல கொஞ்சம் எடுத்து, உச்சியில ஒட்டிட்டேன். பெரியவர் பிடுங்குனது ஒட்டுன முடியை.”



“யார்கிட்டச் சொன்னே?”

“யார்கிட்டயும் சொல்லல.”

“ஏன்?”

“விலை வரட்டும்னு வச்சிருந்தேன்.”

குரு பாதித் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கும் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு எனக்கு முன்னால உக்காந்தவருக்குப் பிடுங்கும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எனக்கு வலிக்கவே இல்ல.”

“அப்ப பெரியவருக்கு?” என்றான் உத்திராபதி.

“பெரியவருக்கும் தெரியும். அஞ்சு முடியையும் உள்ளங்கையில வச்சுப் பாத்தார். பிடுங்குன முடிக்கு வேர் இருக்கும். இதுல இல்ல. என்னைப் பாத்தார். கீழ நின்ன உன்னைப் பாத்தார்.”

“என்ன சொன்னாரு?”

“‘எழுந்திரு’ன்னார்.”

“நீங்க ஏன் வாயைத் திறக்கல?”

“திறந்தா உன் கையை ஒடிச்சிடுவாங்கன்னு நினைச்சேன். அது முதல் நாள்.”

“அப்புறம்?”

“அப்புறம் உன் ஞாபகம் வரல. எல்லாரும் சாமின்னு கூப்பிட்டாங்க. நல்லா இருந்தது.”

சரக்கு அவன் நினைத்த விலைக்குப் போகாது போலிருந்தது. ஆனால் பேரத்துக்கு வந்தவன் பாதியில் எழுந்து போகிறதில்லை.

“சரி சாமி. பழசு பழசாவே போகட்டும். உங்களுக்கு மிச்சப் பாதியையும் முடிச்சு விடறேன். என் தலையை நீங்களே மழிங்க. அஞ்சையும் நீங்களே பிடுங்குங்க. நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல.”

“எதை வச்சுப் பிடுங்கறது?”

“கையை வச்சுத்தான்.”

“எந்தக் கையை? எனக்கே யாரும் பிடுங்கல. நான் எப்படி உனக்குப் பிடுங்குறது?”

உத்திராபதி அவர் கையைப் பார்த்தான்.

“நீ வாங்க வந்த சரக்கு என்கிட்ட இல்லப்பா. இல்லைன்னு உன்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்?”

இருபத்தெட்டு வருஷமாக அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தான். இந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

எழுந்து நின்றான்.

“அப்ப இத்தனை வருஷமா இவங்களுக்கெல்லாம் என்னத்தைக் குடுத்தீங்க?” என்று கத்தினான். “உங்க அஞ்சு முடியே நான் சந்தனத்துல ஒட்டுனது! ஒட்டுன தலைய்யா இது! மேல நிக்கிற ஆறு பேருக்கும் என்னத்தைப் பிடுங்குனீங்க?”

மேல்படியில் ஆறு பேரும் கேட்டார்கள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் ‘பொய்’ என்று சொல்லவில்லை. குரு சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

குரு சொல்லவில்லை.

“கத்தியை எடு” என்றார் உத்திராபதியிடம்.

“எதுக்கு?”

“மிச்சத்தையும் மழி. உச்சியில அஞ்சு விடு.”

உத்திராபதி மடியிலிருந்து கத்தியை எடுத்து விரித்தான். இடது பாதியை மழித்தான். உச்சிக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டான். கத்தி அதைச் சுற்றிப் போய்வந்தது. ஐந்து முடி நின்றது. ஒருமுறைக்கு இருமுறை எண்ணினான்.

“ஆச்சு.”

“பிடுங்கு.”

“நானா?”

“நீதான்.”

“எனக்கு ஏது சாமி அதுக்கு உரிமை?”

“ஒட்டறதுக்கு இருந்ததா?”

உத்திராபதி கையைத் துண்டில் துடைத்தான். முடி விரலில் சுற்றுகிற நீளம் இல்லை. கட்டைவிரல் நகத்தால் கவ்வினான். வாழ்நாள் முழுக்க எத்தனையோ தலைகளை வலிக்காமல் பார்த்துக்கொண்ட விரல்கள் அவை.

இழுத்தான்.

குருவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை.

உத்திராபதி விரலைப் பிரித்துப் பார்த்தான். ஐந்து முடி. ஐந்தின் அடியிலும் வெள்ளையாக, ரவை அளவுகூட இல்லாத வேர்.

“இருக்கா?” என்று கேட்டார் குரு.

“இருக்கு சாமி.”

அவர் எழுந்தார். படியில் இறங்கினார், ஏறவில்லை. முங்கவும் இல்லை. கோடையில் ஆறு முழங்காலுக்குத்தான் ஓடியது. நடந்தே கடந்தார். பாதக்குறடு பத்தாம் படியிலேயே கிடந்தது.

“அப்ப என் தலையை யாரு பாக்கறது?” என்று உத்திராபதி கத்தினான். “பேச்சுன்னா பேச்சா இருக்கணும்! சொல்லிட்டுப் போங்க!”

அக்கரையில் நாணல் விலகி, மறுபடி மூடிக்கொண்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உத்திராபதி படியிலேயே உட்கார்ந்தான். காடாய் வளர்ந்த தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டாவது ஆளையும் அனுப்பி வைத்தாயிற்று. இந்தமுறை பிடுங்கியும் கொடுத்தாயிற்று. அவனுக்குக் கிடைத்தது ஐந்து முடி. அதுவும் அடுத்தவனுடையது.

மேலே குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. ஒருவர் அழுதார். ஒருவர் யாரையோ திட்டினார். இருபது வருஷம், பதினைந்து வருஷம் என்று கணக்குச் சொன்னார்கள். பிறகு அடங்கினார்கள். அப்புறம் ஒருவர் மட்டும் இறங்கி வருகிற காலடி கேட்டது.

விமலர்.

பத்தாம் படிக்கு வந்தார். கிடந்த பாதக்குறட்டைத் தாண்டினார். உத்திராபதிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலையைக் குனிந்தார். இடது பக்கத்து மச்சம் இரண்டு மாத முடிக்குள் மறைந்திருந்தது.

“அஞ்சு விடுங்க” என்றார். குரல் உடைந்திருந்தது. “எனக்கும் பிடுங்கி விடுங்க சாமி.”

யாரைக் கூப்பிடுகிறார் என்று உத்திராபதி திரும்பிப் பார்த்தான்.